கணக்கு முடிக்கும் முன்: எங்கள் கும்பகோணம் கடைவீதிச் சங்கத்தின் 2025-26 ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கூட்டம் போட்டது, மனு கொடுத்தது, மே 5 வணிகர் தினத்துக்குக் கடையடைத்தது எல்லாம் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது, வேண்டியவர்கள் வாங்கிப் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நம் கடைகளைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் மார்ச் 31-க்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது.

இந்த வருடத்தின் பெரிய செய்தி ஜிஎஸ்டி குறைந்ததுதான். ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்ததிலிருந்து செப்டம்பர் 22 வரை பாத்திரக்கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது. கல்யாணச் சீருக்கு வந்தவர்கள்கூட விலையைக் கேட்டுக்கொண்டு "வரி குறையட்டும், வர்றோம்" என்று கிளம்பிவிட்டார்கள். 12 சதவீதம் 5 ஆனது. ஜிஎஸ்டியில் சாதாரண (ரெகுலர்) முறையில் இருப்பவர்களுக்குக் கொள்முதலில் கட்டிய வரி இன்புட்டாக நிற்கிறது, விற்பனைக்குக் கட்டும் வரியில் மெதுவாகக் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன்காரர்களுக்கு அந்த வழியும் கிடையாது, பழைய சரக்கைப் புது விலைக்கு விற்றபோது வித்தியாசத்தைக் கையிலிருந்துதான் போட்டார்கள். எனவே அதில் தொடர்வதா வேண்டாமா என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து இப்போதே பேசுங்கள். புதிதாக உள்ளே போக நினைப்பவர்கள் மார்ச் 31-க்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஏப்ரலில் வந்து சங்கத்தைக் கேட்டுப் பயனில்லை.

அப்புறம், போன வருடம் ஆளுக்கொரு தீர்மானத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டோமே, அதைப் பிரித்தோம். (பெயர் எழுதச் சொல்லவில்லை, ஆனாலும் கையெழுத்தை வைத்தே தலைவர் பாதிப் பேரைக் கண்டுபிடித்துவிட்டார்.) விற்பனையை இரண்டு மடங்காக்குவேன், கிளை திறப்பேன், இந்த ரகம்தான் அதிகம். பாக்கியை வசூலிப்பேன் என்று ஒருவர்கூட எழுதவில்லை. ஆனால் மாதாமாதம் கூட்டத்தில் நாம் புலம்பியது அந்தப் பாக்கியைப் பற்றித்தான். கடனுக்கு விற்றே விற்பனையைக் கூட்டினால் நோட்டில் லாபம் தெரியும், கல்லாவில் இருக்காது, நடுவில் கைமாத்துக்கு வட்டி கட்டுவோம்.

நமக்கு வரவேண்டியதை மட்டும் பேசினால் போதாது, நாம் தரவேண்டியதும் இருக்கிறது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவு வைத்திருக்கும் சிறிய பட்டறைகளிடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால் அந்தத் தொகையை இந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, வரி ஏறும். 2024 ஏப்ரலிலிருந்தே இது நடப்பில் இருக்கிறது, இருந்தும் பலர் ஆடிட்டர் சொன்ன பிறகுதான் விழித்துக்கொள்கிறார்கள். வரியை விடுங்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவர் பித்தளையை ரொக்கத்துக்கு வாங்கி வார்க்கிறார், அவர் பணத்தை ஆறு மாதம் நம் கடையில் வைத்துக்கொள்வது என்ன நியாயம்?

இந்த வருடம் சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு ஒரு தாளை எடுத்து, யார் எவ்வளவு தரவேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு, பரண்மேல் ஒரு வருடத்துக்கு மேல் அசையாமல் கிடக்கும் சரக்கு எவ்வளவு என்று மனைவியையோ கணவரையோ மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். முதலாளியின் சம்பளத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். நம்மில் நிறையப் பேர் தேவைப்படும்போது கல்லாவில் கையை விடுகிறோமே தவிர, கடை நமக்கு மாதம் எவ்வளவு தருகிறது என்று சொல்லத் தெரியாது. அந்தத் தாளை எங்களிடம் காட்ட வேண்டாம்.

2028 மகாமகத்தை நம்பி இப்போதே கடன் வாங்கிச் சரக்கு சேர்க்கும் யோசனை சிலருக்கு இருக்கிறது. கூட்டம் வரும், சந்தேகமில்லை, ஆனால் அதுவரை வட்டியும் ஓடும். முதலில் பரணைக் காலி செய்யுங்கள் என்பது என் கருத்து, தலைவருக்கு வேறு கருத்து உண்டு, அவரே பேசுவார்.

விற்பனைப் பிள்ளைகளுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-லேயே சட்டம் வந்தாயிற்று. இன்னும் போடாதவர்கள் வசூலாகும் முதல் பாக்கியில் நாற்காலி வாங்கிப் போடுங்கள். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை வைக்க வேண்டும், தேதியைப் பாருங்கள். சங்கச் சந்தா பாக்கிப் பட்டியலை இந்த முறை மேடையில் வாசிக்கவில்லை, பொருளாளர் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.