அன்னிக்கு நீ வச்ச மூணு புள்ளி

மாப்ள,

எட்டு மாசமா ஒரு வரி போடல, திட்டணும்னா முதல்லயே திட்டிக்கோ. வீட்டுல எல்லாரும் சௌக்கியம், சின்னவனுக்கு முன்பல்லு விழுந்துருச்சு, வரப்புப் பஞ்சாயத்து இன்னும் இழுத்துக்கிட்டே கெடக்கு.

புது வேலை என்னன்னு உங்கிட்ட சொல்லவேயில்ல, சொன்னா சிரிப்ப. யூடியூப் கமெண்ட்டப் படிச்சு இது கோபம், இது சோகம்னு லேபிள் ஒட்டுறது. அத வச்சுத்தான் கம்ப்யூட்டரு மனுஷன் மனசக் கத்துக்குமாம். ஒரு கமெண்ட்ட மூணு பேரு பாப்போம், ரெண்டு பேரு சொல்றது செல்லும், எழுதுனவன்கிட்ட யாரும் கேக்கறதில்ல, அவன் மனசுக்கு நாங்க ஓட்டுப் போடுறோம்! "நல்லா வருவீங்கடா டேய்"னு ஒருத்தன் எழுதியிருந்தான், பக்கத்து சீட்டுப் பொண்ணு சந்தோஷம்னுச்சு, நான் கோபம்னேன், மூணாவது ஆளு நக்கலுக்கு எங்கங்க பட்டன்னு கேட்டாரு. கூகுள்காரங்க 2020ல ரெடிட்டுன்னு ஒரு அரட்டை சைட்டுல இருந்து 58,000 இங்கிலீஷ் கமெண்ட் எடுத்து 27 உணர்ச்சியாப் பிரிச்சாங்க, எங்களுக்குக் குடுத்தது ஆறு, அப்புறம் 'ஒண்ணும் இல்ல'ன்னு ஏழாவதா ஒண்ணு.

அந்த ஆறு பால் எக்மன்னு ஒரு அமெரிக்க மனோதத்துவக்காரரு சொன்னது. 1960கள்ல பப்புவா நியூ கினி வரைக்கும் முகம் எடுத்த போட்டோவத் தூக்கிட்டுப் போயி, உலகம் பூரா முகத்துல உணர்ச்சி ஒரே மாதிரிதான் தெரியும்னாரு. 2019ல லிசா பெல்ட்மன் பேரட்டுன்னு இன்னொரு மனோதத்துவக்காரம்மாவும் கூட நாலு பேரும் அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியெல்லாம் கிளறிப் பாத்தா, கோபம் வர்றப்ப ஆளுங்க முகத்தச் சுளிக்கிறது 100க்கு 30 தடவ கூட இல்ல. நம்ம கணக்கு சார் சிரிச்சுக்கிட்டே வெளுப்பாருல்ல, அந்த மிச்ச எழுபது அவருதான். உடம்பப் பாத்துச் சொல்ற டீம் எங்க மாடிலதான் இருக்கு, அவங்க கைடுல கையக் கட்டிக்கிட்டு நின்னா 'எதிர்ப்பு'ன்னு போட்டிருக்கு. நீ பத்தாங்கிளாஸ் பூரா அந்தாளு முன்னாடி கைகட்டி நின்னியே, எதிர்ப்பாடா அது? ஐரோப்பால 2025 பிப்ரவரில இருந்து ஆபீஸ்லயும் ஸ்கூல்லயும் முகத்தையும் உடம்பையும் பாத்து மனசச் சொல்ற மிஷின் கூடாதுன்னுட்டாங்க, வைத்தியம் பாதுகாப்புக்கு மட்டும் விட்டு வச்சிருக்காங்க. எங்க மேனேஜர்கிட்ட அதச் சொன்னேன், நம்ம கிளையண்ட் ஐரோப்பா இல்லியேங்கறாரு.

சரி, எழுத வந்தது இதுக்கில்ல.

செவ்வாக்கிழமை ஒரு கமெண்ட் வந்துச்சு. "சரி பரவால்ல பாத்துக்கலாம்". யோசிக்காம 'ஒண்ணும் இல்ல' அமுக்கிட்டேன், மத்த ரெண்டு பேரும் அதேதான், மூணுக்கு மூணு. அடுத்த கமெண்ட் வந்து நிக்குது, கை ஓடல.

உங்க அப்பா ஆபரேஷனப்போ எனக்கு லீவு கெடைக்கலன்னு மெசேஜ் போட்டேன், நீ இதையேதான் போட்ட. நானும் கட்டைவிரல் ஒண்ணு அனுப்பிட்டுப் படுத்துட்டேன். இப்போ போன எடுத்து நம்ம பழைய மெசேஜ் எல்லாம் மேல தள்ளித் தள்ளிப் பாக்குறேன், 'டா' இல்லாம ஒரு வரி கூட நீ போட்டதில்ல, புள்ளியெல்லாம் எதுலயும் வச்சதேயில்ல. அன்னிக்கு மட்டும் "சரி. பரவால்ல. பாத்துக்கலாம்." மூணு புள்ளிடா. மிஷினுக்கு ஒரு வரிதான் தெரியும், எனக்கு உன்ன இருபத்தஞ்சு வருஷமாத் தெரியும், ரெண்டு பேரும் ஒரே பட்டனத்தான் அமுக்கியிருக்கோம்.

அப்பா இப்போ கம்பு இல்லாம நடக்குறாரா? ஞாயித்துக்கிழமை காலைல பஸ் ஏறுறேன். அம்மாவ எனக்குன்னு ஒண்ணும் செய்ய வேணாம்னு சொல்லு, கருவாட்டுக் கொழம்பு மட்டும் போதும். நீ திட்டணும்னா நல்லாத் திட்டு, வாசல்ல கையக் கட்டிக்கிட்டு மட்டும் நிக்காத, எந்தப் பட்டன்னு எனக்குத் தெரியாது.

கட்டையன்