மருந்து செய்கிற நண்பனுக்கு

மதுரை,
தை மாதம்

அன்புள்ள சீனி,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகளுக்கு வரன் அமைந்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். தேதி குறித்ததும் முதல் போன் எனக்கு வர வேண்டும். இங்கே அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அரசு ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகும் தெருக்காரர்கள் விடுவதாக இல்லை. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று கேட்டுக்கொண்டு யாராவது வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது.

கல்யாணச் செய்திக்குக் கீழே நீ எழுதியிருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆலையை விற்றுவிடலாம் என்று இருக்கிறாய். மருந்தின் விலையை அரசு சொல்கிறது, செய்கிற முறையை அரசு சொல்கிறது, தலையில் ஹெல்மெட் போடச் சொல்கிறது, கையில் ஊசி போடச் சொல்கிறது, பிறகு மனுஷனுக்குச் சுதந்திரம் என்று எதுதான் மிச்சம் என்று கேட்டிருக்கிறாய். நீ எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறாய் சீனி. எனக்கு அவை ஒன்றாகத் தெரியவில்லை.

உன் கோபம் எங்கிருந்து கிளம்பியது என்பது தெரிகிறது. மருந்து ஆலை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிற ஷெட்யூல் எம் விதியைத் திருத்தி, வருடத்துக்கு 250 கோடிக்குள் வியாபாரம் செய்கிற ஆலைகளுக்கு 2025 டிசம்பர் வரை நீட்டிய கெடு முடிந்துவிட்டது. காற்று வடிகட்டும் ஏற்பாடு, தண்ணீர்ச் சுத்திகரிப்பு, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஆவணம் என்று செலவு கழுத்தை நெரிக்கிறது. ஆனால் 2025 அக்டோபரை நினைத்துப் பார். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவை. மருந்து போனது நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையிலிருந்து. நம் மாநில ஆய்வகம் சோதித்ததில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம்! வண்டி ரேடியேட்டரில் ஊற்றுகிற வகையைச் சேர்ந்த விஷம். அந்த ஆலையை முறையாக ஆய்வு செய்யவில்லை என்று பிறகு மருந்து ஆய்வாளர்களைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். செய்து என்ன, பிள்ளைகள் வருமா?

அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கிய தாய்க்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள என்ன வழி இருந்தது? முகர்ந்து பார்த்தால் தெரியாது. ருசியும் இனிப்பு. கடைக்காரருக்கும் தெரியாது, எழுதிக் கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. உன் ஆலைக்குள் வருகிற ஒவ்வொரு பீப்பாயையும் திறந்து சோதிப்பதுதான் அதைத் தடுக்கிற ஒரே இடம். அந்த இடத்தில் அரசு உன் தோளுக்குப் பின்னால் நிற்கத்தான் வேண்டும். நீ யோக்கியன், உனக்கு அது அவமானமாகப் படுகிறது. இன்னொருத்தன் யோக்கியனா என்று அந்தத் தாய் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

அதற்காக அரசு கை வைத்தாலே எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. 1986இல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் டிப்ளமோ படித்த காலம். அதே விஷம் கலந்த கிளிசரின். 14 பேர் இறந்தார்கள். அது அரசு ஆஸ்பத்திரி, வாங்கியதும் அரசு. விசாரித்த லெண்டின் கமிஷன் அதிகாரிகளில் தொடங்கி அமைச்சர் வரைக்கும் குற்றம் கண்டது. வாங்குகிற முறையிலேயே அழுகல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தும் கொல்லலாம்.

அதனால்தான் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிற நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை நான் இவ்வளவு மதிக்கிறேன். 1994இல் தொடங்கி, அடுத்த வருடம் சப்ளை ஆரம்பித்தது. அதற்கு முன்னால் என் கவுண்டர் எப்படி இருந்தது தெரியுமா? ஆயிரம் மாத்திரை கொண்ட தகர டப்பா. மூடியைத் திறந்தால் மழைக்காலத்தில் பாதி நசநசவென்று ஒட்டியிருக்கும். தட்டில் கொட்டி, கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, பழைய பேப்பரில் மடித்துக் கொடுப்பேன். வெள்ளை மாத்திரை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். சுகருக்கு எது, காய்ச்சலுக்கு எது என்று வீட்டுக்குப் போன பாட்டி குழம்பிப்போய் மறுநாள் திரும்பி வருவாள். கழகம் வந்த பிறகு எல்லாம் அட்டையில் அடைத்து வந்தது. தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அட்டை மேலேயே அச்சு. ஒவ்வொரு பேட்ச்சிலும் கிடங்கிலேயே மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி பெயரை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறினால்தான் வெளியே விட்டார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். இந்த வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று எழுதியிருக்கும், எங்களுக்கு எது தேவையோ அதைக் கிடங்கில் போய் எடுத்துக்கொள்வோம். தலைமையகம் தள்ளிவிடுகிற சரக்கை வாங்கி அலமாரியில் காலாவதி ஆகவிடுகிற அவலம் பெரும்பாலும் ஒழிந்தது. ராஜஸ்தானும் கேரளமும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன.

அந்த அட்டைகளில் உன் ஆலையின் பெயர் போட்ட பாராசிட்டமாலை நான் என் கையால் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குச் சொன்னதே இல்லை.

விலைக் கட்டுப்பாட்டில் நீ ஏன் இப்படிக் கொதிக்கிறாய் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. 2017 பிப்ரவரியில், இதய ரத்தக்குழாய் அடைபடாமல் இருக்க உள்ளே வைக்கிற ஸ்டென்ட் குழலுக்கு உச்ச விலை வைத்தார்கள். மருந்து பூசிய வகை 29,600 ரூபாய், சாதாரண உலோகம் 7,260. அதுவரை மருந்து பூசியது பல ஆஸ்பத்திரிகளில் லட்சத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜையில் படுத்திருக்கிறவன் எந்தக் கடையில் மலிவு என்று விசாரித்துவிட்டா வருவான்? பேரம் பேச முடியாதவனிடம் விற்பதைச் சந்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில வெளிநாட்டுக் கம்பெனிகள் புதிய ரகங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டது உண்மைதான், உன் வாதத்துக்கு அது ஒரு சாட்சி. விலையை அடிமட்டத்துக்கு இறக்கினால் சரக்கின் தரமும் கூடவே இறங்கும் என்கிற உன் பயமும் நியாயம். மிகக் குறைந்த விலைக்காரனுக்கே டெண்டர் என்கிற வழக்கத்தால் நேர்மையாகச் செய்கிறவன்தான் முதலில் நசுங்குகிறான். இதில் நான் உன் பக்கம்.

பில் பணம் விஷயத்திலும் அப்படியே. வேறு மாநிலத்து அரசு நிறுவனம் ஒன்று மாதக்கணக்காக உன் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். 2006ஆம் வருடத்துச் சிறுதொழில் சட்டம் 45 நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. சட்டம் போட்ட அரசே அதை மீறினால், உன்னிடம் மட்டும் தண்ணீர்ச் சோதனை ரிப்போர்ட் கேட்க அதற்கு எந்த முகம் இருக்கிறது? நீ அந்தச் சட்டப்படியான கவுன்சிலில் மனுப் போடு. அடுத்த ஆர்டர் கிடைக்காது என்று பயந்து எல்லோரும் வாயை மூடிக்கொள்வதால்தான் அவர்களுக்குத் துணிச்சல்.

அரசே வியாபாரியாகிற இடத்தில் எனக்கு உன்னைவிட ஆத்திரம் அதிகம். 2003இலிருந்து டாஸ்மாக்தான் இந்த மாநிலத்தின் சாராய சில்லறைக் கடை. 2023-24இல் அதன் வழியாக வந்த வருமானம் 45,000 கோடிக்கு மேல். கல்லீரல் வார்டில் வயிறு வீங்கிக் கிடந்தவர்களின் மனைவிமாரை எனக்குத் தெரியும். சீட்டை நீட்டும்போது முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஒரே அரசு ஒரு தெருவில் விற்கவும் அடுத்த தெருவில் வைத்தியம் பார்க்கவும் கூடாது.

இனி உடம்பு, சுதந்திரம். இங்கே நீ நினைப்பதைவிட நான் உனக்கு நெருக்கம்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இப்போது அக்காவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தன்னார்வலர் பெண் திண்ணையில் உட்கார்ந்து, கையில் பட்டையைச் சுற்றி, அளவை அட்டையில் குறித்து, மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அக்காவின் மூட்டு வலிக் கதையையும் கேட்டுவிட்டுப் போகிறாள். ஒருநாள் அக்கா, சோதனை வேண்டாம் போ என்றாள். சரிம்மா, அடுத்த தடவை பார்க்கலாம் என்று அவள் எழுந்து போனாள். எனக்கு அவசரநிலைக் காலம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் சுகாதாரத் துறை வீடு தேடித்தான் வந்தது. வட மாநிலங்களில் பள்ளி ஆசிரியர்களுக்குக்கூட ஆள் பிடிக்கும் இலக்கு. 1976-77 ஒரு வருடத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன். அந்த வருடம் வேண்டாம் என்று சொன்ன எத்தனையோ பேரின் சொல் செல்லவில்லை. இலக்கு எண்ணை வைத்து ஒரு துறையை முடுக்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு நம் காலத்திலேயே சாட்சி இருக்கிறது.

ஆகவே 2022 மே 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, அரசியல் சாசனத்தின் 21வது பிரிவில் உடலின் மீதான உரிமையும் அடங்கும் என்று சொன்னபோது நான் மகிழ்ந்தேன். நான் முதல் வாரத்திலேயே ஊசி போட்டுக்கொண்டவன், தெருவில் பலரை அழைத்துப் போனவன். அழைத்துப் போனேன், இழுத்துப் போகவில்லை.

ஹெல்மெட்டை மட்டும் இதோடு சேர்க்காதே. வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி மாட்டிவிடலாம், உடம்புக்குள் செய்த எதையும் அப்படிக் கழற்ற முடியாது. ஆனால் அதற்கு நம் ஆட்கள் சொல்கிற காரணம் எனக்கு ஆகாது. இன்னுயிர் காப்போம் திட்டத்தில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது, அதனால் கட்டளை போடவும் அதற்கு உரிமை உண்டு என்கிறார்கள். செலவு செய்கிறவனுக்கு உத்தரவு போட உரிமை என்று ஒத்துக்கொண்டால் நாளைக்கு உன் சோற்றுத் தட்டுக்கும் அவன் வருவான். என் வரிப்பணத்தில் எனக்கு வைத்தியம் பார்ப்பதால் நான் யாருக்கும் அடிமை ஆகிவிட மாட்டேன்.

ஆலையை விற்பது பற்றி ஒன்று. மருந்து ஆலைகளை மேம்படுத்துகிற மத்திய அரசின் உதவித் திட்டம் ஒன்றை 2024 மார்ச்சில் திருத்தினார்கள். 50 கோடிக்குள் விற்றுமுதல் உள்ள ஆலைக்கு மேம்பாட்டுச் செலவில் 20 சதவீதம், உச்சம் ஒரு கோடி. வேலையை முடித்த பிறகுதான் தருவார்கள், அதனால் முதலில் வங்கியைப் பார்க்க வேண்டும். அது இன்னும் நடக்கிறதா என்று உன் ஆடிட்டரை விட்டு இந்த வாரமே விசாரிக்கச் சொல். கணக்கு வந்ததும் எனக்கு அனுப்பு, கல்யாண வேலைக்கு முன்னாடியே நான் பாண்டிச்சேரி வந்து உன்னோடு உட்காருகிறேன். அதுவரை வாங்க வந்தவனிடம் முன்பணம் வாங்காதே.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
ரத்தினம்