தம்பி, அணைக்கரைக்கு வாடகைக்கு வா

அன்புள்ள தம்பிக்கு,

வருகிற ஆனியில் ஓய்வு பெற்றதும் நீயும் அம்மணியும் பவானிசாகருக்கே வந்துவிடப் போவதாகவும், தண்ணீர் தெரிகிற மாதிரி இடம் வாங்கி வீடு கட்டப் போவதாகவும் உன் மச்சானிடம் சொன்னாயாம். நீ பக்கத்தில் வந்து இருக்கப்போவது எனக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று உனக்கே தெரியும். ஆனால் வீடு கட்டாதே. முதலில் வாடகைக்கு வா. இதே யோசனையில் இருக்கிற வேறு பலருக்கும் உதவட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நீ இடம் பார்க்க வந்தது கார்த்திகையில். அணையின் முழு நீர்மட்டம் 105 அடி. அக்டோபர் கடைசி வரை 102 அடிக்கு மேல் தேக்க மாட்டார்கள், அதற்குப் பிறகுதான் முழுக்க நிறைய விடுவார்கள். அதாவது, வருஷத்திலேயே அணை நிறைந்து கிடந்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாய். சித்திரையில் அதே இடத்தில் நின்று பார். தண்ணீர் எங்கேயோ போயிருக்கும். வெடித்துக் கிடக்கும் வண்டலில் ஆடு மாடு மேயும், மத்தியானம் அனல் வீசும். மழை பொய்த்த வருஷங்களில், அணை கட்டியபோது மூழ்கிய டணாயக்கன்கோட்டைக் கோயிலே வெளியே தெரியும்.

இது நாம் உட்கார்ந்து பார்ப்பதற்காகத் தேக்கிய தண்ணீர் இல்லை. ஆகஸ்ட் 15 வாக்கில் கீழ்பவானி வாய்க்காலில் திறந்துவிட்டால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, முறை வைத்து மொத்தம் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய வேண்டும். பெருந்துறைப் பக்கம் நம் காட்டுக்கும் அந்த மதகுத் தண்ணீர்தானே வந்தது? அது இல்லாமல் அப்பா நம் இரண்டு பேரையும் படிக்க வைத்திருக்க முடியாது. அதனால் அணை இறங்கிக் கிடப்பது எனக்கு ஒரு குறையாகவே தெரிவதில்லை. அப்புறம் நீலகிரியில் மழை பிடித்து, பவானியும் மாயாறும் செம்மண் நிறத்தில் வரத் தொடங்கும் பார், அந்த நாட்களுக்காகவே இங்கே இருக்கலாம். காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சுகமா என்று கேட்பதற்கு முன்னால் நீர்வரத்து எத்தனை கன அடி என்றுதான் கேட்கிறோம். உனக்கும் இது பிடிக்குமா என்பது ஒரு வருஷம் முழுக்க இருந்து பார்த்தால்தான் தெரியும்.

புரோக்கர் காட்டிய இடம் காட்டை ஒட்டி இருக்கிறது. 2013-லிருந்து சத்தியமங்கலம் காடு புலிகள் காப்பகம். கோடையில் யானைகள் தண்ணீருக்கு இறங்கி வரும். அது அவற்றின் வழி. அந்த வழியில் நாம் போய்ச் சுவர் வைக்கக் கூடாது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், நீ தாசில்தாராக இருந்தவன். 2003-க்கு முன்பே சேர்ந்ததால் பழைய ஓய்வூதியம் வரும். பணிக்கொடையையும், ஓய்வூதியத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்குகிற கம்யூட்டேஷன் பணத்தையும் செங்கல்லில் கொட்டிவிடாதே. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வந்துவிடும். வாடகைக்கு அதுவே போதும்.

"ஒறம்பரை வந்தால் தங்க இடம் வேண்டாமா?" என்று அம்மணி கேட்பாள். நானும் அதைச் சொல்லித்தான் கோயமுத்தூர் வீட்டில் நான்கு அறை நிறையச் சாமான் வைத்திருந்தேன். காலி செய்தபோது பரணிலிருந்து இறக்கிய எவர்சில்வர் பாத்திரங்களை நீ பார்த்திருக்க வேண்டும். குடம், தூக்குப்போசி, சம்படம், எல்லாவற்றிலும் கொடுத்தவர்கள் பெயரும் தேதியும் வெட்டியிருந்தது. பெரிய அத்தை கொடுத்த குடத்தில் எழுத்து தூசியில் பாதி மறைந்து போயிருந்தது. அது ஒருநாளும் அடுப்படிக்கு வந்ததில்லை, பரணில் இருந்தே அப்படி ஆகிவிட்டது. அவர் பேத்தியைக் கூப்பிட்டு அந்தக் குடத்தைக் கொடுத்தேன். அவள் அதில் தினமும் தண்ணீர் பிடிக்கிறாள். மற்றதையும் அப்படியே பெயர் பார்த்து, அந்தந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். இப்போது இங்கே எங்களுக்கு இரண்டு அறை. வருகிறவர்கள் பாய் விரித்துத் திண்ணையில் படுக்கிறார்கள், முன்னைவிட அதிகமாகவே வருகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பவானிசாகர் டிரெயினிங்குக்கு வந்தாயே, ஞாயிற்றுக்கிழமை ஆனால் பூங்காவுக்குப் போனோம், மீன் தின்றோம் என்று கடுதாசி போடுவாய். அந்த மீன் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் நாங்கள் பரிசல்காரரிடமே ஜிலேபி மீன் வாங்கிவிடுகிறோம். சாம்பலில் நன்றாக உரசி, மிளகாய்த்தூளும் உப்பும் மட்டும் தடவி, ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கல்லில் போட்டால் போதும். கூட அரிசியும் பருப்பும் சாதம். வியாழக்கிழமை புளியம்பட்டி சந்தை. உன் மச்சான் மாடு வாங்கப் போவதில்லை, ஆனாலும் மாட்டுச் சந்தையைச் சுற்றிப் பார்க்காமல் திரும்பமாட்டார். கூட்டுறவு சங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் சேர்ந்துகொள்வார். பல் பார்த்து வயசு சொல்வதில் இருவருக்கும் போட்டி. இந்த மாதிரி ஒரு நாளை நாங்கள் வேலை பார்த்த காலத்தில் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், ஆஸ்பத்திரிக்குச் சத்தியமங்கலம் போக வேண்டும், பெரிய வைத்தியம் என்றால் கோயமுத்தூர்தான். உனக்குச் சர்க்கரை இருக்கிறது. அதனால் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரத்தில் வீடு பார்க்கிறோம். இருட்டிய பிறகு வண்டி ஓட்ட வேண்டிய இடம் வேண்டவே வேண்டாம்.

சித்திரை வெயிலில் ஒரு பத்து நாள் லீவு போட்டுவிட்டு அம்மணியோடு வந்து தங்கு. அந்தச் சூட்டை அவளால் தாங்க முடிகிறதா என்று முதலில் பார்ப்போம். அதுவரை அந்த இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அக்கா