ஓரமாக நிற்கும் வண்டியைக் கடந்து போகாதீர்கள்: மணாலி–லே போகும் ரைடர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ரைடர் நண்பர்களே,

சீசன் தொடங்கியதும் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டோடு பல குழுக்கள் இமாச்சலத்து மணாலியிலிருந்து லடாக்கின் லேவுக்கு மலைச்சாலையில் ஏறுகின்றன. அந்தச் சாலையின் பெரும்பகுதியில் மெக்கானிக்கும் கிடையாது, மருத்துவரும் கிடையாது. பின்னால் வருகிற முகம் தெரியாத ரைடர்தான் துணை. யாராவது நின்றிருந்தால் கட்டைவிரலை உயர்த்திக் கேளுங்கள். பதிலுக்கு அவரும் உயர்த்தினால் போகலாம். இல்லையென்றால் வளைவைத் தாண்டி நேர்ச்சாலையில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். வளைவிலேயே ஆறு வண்டி நின்றால் லாரி திரும்ப இடமிருக்காது.

அதிகம் பேர் நிற்பது பெட்ரோல் இல்லாமல்தான். மணாலியைத் தாண்டி வழியில் வரும் தண்டி என்ற ஊரின் பங்கில் 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்று பலகையே உண்டு. 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 30 என்று கணக்குப் போட்டு வருவார்கள்; சுமையோடு இரண்டாம் கியரில் ஏறும்போது 25 கிடைத்தாலே பெரிது. உங்கள் தேவையைக் கணக்குப் பார்த்துவிட்டு, மிச்சத்தை கேனிலிருந்து கொடுங்கள். வாயால் டியூபை உறிஞ்சி எடுக்காதீர்கள். எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாத, ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் பெட்ரோல் ஹோஸைக் கழற்றவே வேண்டாம், உள்ளே பம்ப் அழுத்தம் இருக்கும்.

எதிரே வருபவரிடம் "ஓடையில் தண்ணி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை மணிக்குக் கடந்தார் என்றும் கேளுங்கள். பனி உருகி வரும் நீர் காலையில் கணுக்காலளவு இருக்கும், அதே இடத்தில் மதியத்துக்கு மேல் முழங்காலைத் தொடும்.

ஓடையில் வண்டியோடு விழுந்தவரைத் தூக்கிவிட்டதும் செய்யும் தவறு, செல்ஃப் அமுக்கிப் பார்ப்பது. தண்ணீர் அமுங்காது; சிலிண்டருக்குள் அது இருக்கும்போது பிஸ்டன் ஏறினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். முதலில் சாவியைத் திருப்பி அணைத்து, கரைக்குத் தள்ளுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஈரமென்றால் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, கேப்பை ஓட்டையிலிருந்து தள்ளி வைத்து, செல்ஃபிலோ கிக்கிலோ இன்ஜினை ஐந்தாறு முறை சுழற்றுங்கள். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். ப்ளக்கையும் ஃபில்டரையும் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்த டீ நிறம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல் லாரியில் ஏற்றுவதே சரி.

பஞ்சருக்கு 21 இஞ்ச் டியூப் ஒன்று வைத்திருங்கள்; அவசரத்துக்கு 18, 19 இஞ்ச் சக்கரத்திலும் மடித்துத் திணிக்கலாம். ஸ்போக் சக்கரத்துக்குள் டியூப் இருந்தால் ட்யூப்லெஸ் கிட் உதவாது.

எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கவலை தருவது, மலை உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய். தலைவலியும் குமட்டலும் என்றால் மேலே ஏறாமல் ஓய்வு கொடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலை விரல்நுனியில் ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, "தூங்கி எழுந்தால் சரியாகும்" என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் தூக்கம் ஆளைக் கொல்லும். உடனே கீழே இறக்க வேண்டும், அவரை ஓட்ட விடக்கூடாது, காரில் ஏற்றுங்கள். வழியில் கூடாரங்கள் இருக்கும் சர்ச்சுவில் முதல் இரவு தங்காதீர்கள் என்பது இதனால்தான். 4,290 மீட்டரில் இருக்கும் அங்கிருந்து மணாலிப் பக்கம் தாழ்வாக இருக்கும் ஜிஸ்பாவுக்கு இறங்கவும் முதலில் 4,890 மீட்டர் பாராலாச்சா கணவாயை ஏற வேண்டும். லே பக்கம் முன்னால் போனாலும் கட்டா லூப்ஸ் என்ற ஏற்றத்தின் 21 வளைவுகள். ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ தங்குங்கள், வழியில் பழகியவர்களுக்கும் சொல்லுங்கள்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. அதனால் பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருக்கட்டும். உங்களால் சரிசெய்ய முடியாத ஒருவரை விட்டுப் போக நேர்ந்தால் தண்ணீரும் போர்வையும் கொடுத்து, வண்டி எண், கிலோமீட்டர் கல், என்ன பிரச்சினை, பார்த்த நேரம் நான்கையும் எழுதி அடுத்த தாபா கூடாரத்திலோ ராணுவச் சாவடியிலோ கையில் கொடுங்கள்.

அன்புடன்,
மலைச்சாலை ரைடர்கள் சிலர்