ஒல்லிக்கு சோடாபுட்டி எழுதறது: கமாண்டோ படங்களும் ஒரு அரிசி மூட்டையும்

டேய் ஒல்லி,

நல்லா இருக்கியா. போன் போட்டா ரெண்டாவது நிமிஷமே உன் பேரன் புடுங்கிக்கிறான், அப்புறம் டைனோசர் கதைதான் ஓடுது, அதான் மெயில்ல எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். நிதானமா படி. இங்க மழை வரேன் வரேன்னு போக்கு காட்டிட்டு ஒரே ஒரு ராத்திரி மட்டும் கொட்டிட்டுப் போச்சு, அதுக்கே எங்க தெருவுல முழங்கால் தண்ணி, மோட்டாரை ஆஃப் பண்ணலாம்னு இறங்கினவன் மாடிப்படில வழுக்கி உட்கார்ந்துட்டேன். லிகமெண்ட் கிழிஞ்சிருக்காம். ஆறு வாரம் காலை நீட்டியே வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டுல டிவி ரிமோட்டை கையில குடுத்து, "எழுந்து நடமாடறத பார்த்தேன், இன்னொரு காலை நானே உடைப்பேன்"ன்னு ஆர்டர்.

சரி, சும்மா கெடக்கறோமேன்னு என்ன பண்ணேன் தெரியுமா, நாம சின்ன வயசுல பார்த்த கமாண்டோ படத்தையெல்லாம் ஒண்ணு விடாம தேடித் தேடி பார்த்துட்டேன். உனக்குத்தான் தெரியுமே அந்த ஃபார்முலா. மீசை வெச்ச ஒரு பெரிய ஆபீசர், சுவர்ல மேப், கையில குச்சி. "இந்த வேலைக்குப் போனா திரும்பி வர்றது சந்தேகம்தான், யார் யார் வாலன்டியர்?" அப்புறம் டீம் சேரும், ஒருத்தன் வெடிமருந்து, ஒருத்தன் மலையேறுவான், ஒருத்தன் கத்தி, ஒருத்தனுக்கு ஜெர்மன் தண்ணி பட்ட பாடு, கட்டாயம் ஒருத்தன் உளவாளி. ஜெர்மன்காரன் ஆயிரம் ரவுண்டு சுட்டாலும் ஹீரோ தொப்பியில கூட படாது. 'வேர் ஈகிள்ஸ் டேர்' படத்துல கிளிண்ட் ஈஸ்ட்வுட் ரெண்டு கையிலயும் மெஷின்கன் வெச்சு சுட்டுக்கிட்டே இருப்பாரே, இந்த தடவை எண்ண ஆரம்பிச்சேன், பாதியில தூங்கிட்டேன்.

மினர்வா தியேட்டர் ஞாபகம் இருக்காடா? பாரிஸ் கார்னர்ல இறங்கி பிராட்வே சந்துல நடந்து போவோமே. ஏசிக்காகவே பாதி பேர் வருவான். ஒரு வார்த்தை இங்கிலீஷ் புரியாது, முன் வரிசையில சட்டை இன் பண்ணவன் சிரிச்சா நாமளும் சிரிப்போம், மிச்சத்துக்கு நீ தமிழ்ல டப்பிங் குடுப்ப. 'கன்ஸ் ஆஃப் நவரோன்'ல அந்த பாறை ஏறுற சீன்ல கிரிகரி பெக்குக்கு நீ "டேய் புடிச்சுக்கோடா, சோத்துக்கு என்ன பதில் சொல்லுவேன் உங்க ஆத்தாவுக்கு"ன்னு குரல் குடுத்ததுக்கு பின்னாடி சீட்டு பெரியவர் தலையில தட்டினாரு. அப்புறம் லைப்ரரி போய் அட்லஸ்ல நவரோன் தீவை ஒரு மணி நேரம் தேடினோம். நவரோன்னு ஒரு தீவே கிடையாதாம்டா! கதை எழுதினவர் கற்பனை, படம் எடுத்தது ரோட்ஸ் தீவுல.

ஆனா அப்பா கூட பார்த்தா வேற மாதிரி. ஹார்பர்ல வேலை பார்த்த மனுஷன் இல்லையா, ஹீரோவை பார்க்கவே மாட்டார், கப்பலைத்தான் பார்ப்பார். "இந்த போட்டு இந்த ஸ்பீடுல திரும்பாது"ன்னு முனகிக்கிட்டே இருப்பார். சாங் நசேர்னு பிரான்ஸ்ல ஒரு துறைமுகம், 1942 மார்ச் 28 விடியக்காலை இங்கிலீஷ்காரன் பண்ண ரெய்டு, அதை வெச்சு வந்த படம் ஒண்ணு பார்த்துட்டு வந்தோம். ஒரு பழைய கப்பலை கொண்டு போய் கதவுல இடிக்கிறதுக்கு ஏன் இவ்வளவு பேர் சாகணும்னு கேட்டேன். அன்னிக்கு ராத்திரியே முத்தத்துல என்னை உட்கார வெச்சு, ஜலதாரை வாயை என் சிலேட்டால அடைச்சு, இந்தப் பக்கம் ஒரு சொம்பு தண்ணி ஊத்தினார், அந்தப் பக்கம் காய்ஞ்ச தரையில காகிதக் கப்பல். "இதான்டா டிரை டாக், கப்பலை உள்ள விட்டு கதவை மூடி தண்ணியை இறைச்சிட்டா அடிப்பக்கம் வேலை பார்க்கலாம், இந்தக் கதவு போச்சுன்னா கடலே உள்ள வந்துடும்"ன்னு சிலேட்டை தூக்கினார், கப்பல் நனைஞ்சு சாய்ஞ்சிடுச்சு. டிர்பிட்ஸ்னு ஜெர்மன்காரன்கிட்ட ஒரு ராட்சச போர்க்கப்பல், அட்லாண்டிக் கரையில அது நுழையற அளவுக்கு இருந்த ஒரே டாக் அதுதான், டாக்கே இல்லாம பண்ணிட்டா அந்தக் கப்பல் அந்தக் கடலுக்கே வராதுன்னு கணக்கு. கேம்பெல்டவுன்ங்கிற பழைய டிஸ்ட்ராயர் மூக்குல நாலு டன்னுக்கு மேல வெடிமருந்தை ஒளிச்சு வெச்சு நேரா கதவுல மோதினாங்க. உடனே வெடிக்கல. விடிஞ்சு அன்னிக்கு பகல்ல ஜெர்மன் ஆபீசருங்க மேல ஏறி வேடிக்கை பார்த்துட்டு இருக்கும்போது வெடிச்சுது. போனது 600 பேருக்கு மேல, செத்தது 169, மாட்டினது 200க்கு மேல. போர் முடியற வரைக்கும் அந்த டாக் வேலைக்கு ஆகல. அடுத்த ரெண்டு மூணு நாள்ல பதட்டத்துல ஜெர்மன்காரன் ஊர்க்காரங்களையும் சுட்டிருக்கான், அது அப்பா சொல்லல, இப்போ படிச்சுதான் தெரிஞ்சுக்கிட்டேன். சிலேட்டு உடைஞ்சதுக்கு மறுநாள் ஸ்கூல்ல நான் வாங்கினது தனிக் கதை.

இந்த ரவுண்டுல எனக்கு ரொம்ப புடிச்சது எது தெரியுமா, 'சீ வுல்வ்ஸ்'. 1980ல வந்தப்போ நாம அதை "கிழட்டு ஓநாய்ங்க"ன்னு கிண்டல் பண்ணோம். படமா பார்த்தா சுமார்தான், ரோஜர் மூர் பாதி நேரம் ஜேம்ஸ் பாண்டாவே திரியறாரு. ஆனா நடந்த கதைடா அது, நம்ம ஊர்ப்பக்கம் நடந்தது. கோவா அப்போ போர்ச்சுகல் கையில, போர்ச்சுகல் யார் பக்கமும் சேரல, அதனால மர்மகோவா துறைமுகத்துல மூணு ஜெர்மன் கப்பலும் ஒரு இத்தாலி கப்பலும் ஜம்முனு நங்கூரம் போட்டு நின்னுச்சு, அதுல எஹ்ரன்ஃபெல்ஸ்ங்கிற கப்பல்ல இருந்து ரகசிய ரேடியோவுல நீர்மூழ்கிக் கப்பலுக்கு தகவல் போகுதுன்னு இங்கிலீஷ்காரனுக்கு சந்தேகம். பட்டாளத்தை அனுப்பினா போர்ச்சுகலோட வம்பு. என்ன பண்ணான்? கல்கத்தா லைட் ஹார்ஸ்னு ஒரு வாலன்டியர் குதிரைப்படை, படைன்னு பேருதான், கம்பெனில உத்தியோகம் பார்த்துக்கிட்டு சாயங்காலம் கிளப்ல கிளாஸ் தூக்குற தொப்பை ஆசாமிங்க, அவங்கள்ல பதினாலு பேர், கல்கத்தா ஸ்காட்டிஷ்னு இன்னொரு வாலன்டியர் படையில நாலு பேர், மொத்தம் பதினெட்டு பேரை மட்டும் பொறுக்கினாங்க. ஃபீபின்னு ஒரு ஓட்டை பார்ஜ் கல்கத்தால இருந்து இலங்கையை சுத்திக்கிட்டு கொச்சி வந்துச்சு, பெரும்பாலானவங்க ரயில்ல வந்து கொச்சியில ஏறினாங்க. கல்கத்தா கொச்சி ரயில்னா நம்ம மெட்ராஸ் வழியாத்தானே வந்திருக்கணும், சென்ட்ரல்ல இறங்கி ஒரு காபி குடிச்சிருப்பாங்கன்னு நானா நினைச்சுக்கிட்டேன். 1943 மார்ச் 9 ராத்திரி போய் ஏறினாங்க. எஹ்ரன்ஃபெல்ஸ் மூழ்கிடுச்சு, மத்த கப்பலுங்களை அதுல இருந்தவங்களே கொளுத்திட்டாங்க. போனவங்க எல்லாரும் திரும்பிட்டாங்க. மெடல் கிடையாது, ஏன்னா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னுதான் சர்க்கார் சொல்லணும்.

இன்னொண்ணு. நவரோன்ல மலையேறின அதே பெக்கும் டேவிட் நிவெனும்தான் 19 வருஷம் கழிச்சு இதுலயும் ஜோடி. நிவெனுக்கு அப்போ 70 வயசு. அந்த ஆள் நிஜத்துலயும் 1939ல போர் ஆரம்பிச்சதும் ஹாலிவுட்டை விட்டுட்டு ஊருக்குப் போய் பட்டாளத்துல சேர்ந்தவர். அவர் ஏணி ஏறும்போது மூச்சு வாங்குறதை பார்த்துட்டு என் முட்டியை தடவிக்கிட்டேன்.

இப்போ நான் நிஜமா சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன், இது உன் சிங்கப்பூர் சமாச்சாரம். 'அட்டாக் ஃபோர்ஸ் இசட்'னு ஒரு படம், மெல் கிப்சன் பொடியனா இருக்கும்போது நடிச்சது. இசட் ஸ்பெஷல் யூனிட்னு ஆஸ்திரேலியால இருந்து கிளம்பின ரகசியப் படை பத்தினது. ஆரம்பத்துலயே ஒரு சீன், அடிபட்டு நடக்க முடியாத சொந்த ஆளை, ஜப்பான்காரன் கையில சிக்கக்கூடாதுன்னு கூட வந்தவனே சுட்டுடுறான். மியூசிக் இல்ல, டயலாக் இல்ல. ரிமோட்டை கீழ வெச்சுட்டேன்.

அந்த யூனிட் என்னதான் பண்ணுச்சுன்னு தேடிப் பார்த்தா நேரா உன் பால்கனியில வந்து நிக்குது. கப்பலுங்க வரிசையா நிக்குற போட்டோ அனுப்பினியே, அந்தத் தண்ணிதான். 1943 செப்டம்பர் 26 ராத்திரி. ஜப்பான்காரன்கிட்ட இருந்து புடிச்ச பழைய மீன்பிடி போட்டு, அதுக்கு வெச்ச பேர் க்ரைட், அதான் நம்ம கட்டுவிரியன். உடம்பெல்லாம் பழுப்பு சாயம், இடுப்புல சாரோங், மேல ஜப்பான் கொடி, அப்படியே ஆஸ்திரேலியால இருந்து சிங்கப்பூர் வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. அங்க இருந்து மடிச்சு வைக்கிற மூணு சின்ன கேனோ, ஒண்ணுக்கு ரெண்டு பேர், இருட்டுல துடுப்பு போட்டுட்டு போய் கப்பல் வயித்துல காந்தக் கண்ணிவெடியை ஒட்டிட்டு வந்துட்டாங்க. காலையில ஆறேழு கப்பல் காலி. வந்த 14 பேரும் பத்திரமா வீடு போய் சேர்ந்தாங்க. விசில் அடிக்கிற கதை இல்ல?

ஆனா கரையில என்ன ஆச்சு பாரு. வெளியில இருந்து ஒருத்தன் இவ்வளவு தூரம் உள்ள வந்திருப்பான்னு ஜப்பான்காரனால நம்ப முடியல. உள்ளூர் ஆளுங்களும் சாங்கி ஜெயில்ல அடைச்சு வெச்சிருந்த வெள்ளைக்காரங்களும் சேர்ந்துதான் செஞ்சிருக்கணும்னு முடிவு கட்டிட்டான். அக்டோபர் 10ந்தேதி ஆரம்பிச்சான். 57 பேரை இழுத்துட்டுப் போய் அடிச்சதுல 15 பேர் செத்துட்டாங்க. ஒருத்தருக்கும் அந்த ரெய்டு பத்தி ஒரு எழுத்து தெரியாது. எலிசபெத் சோய்னு ஒரு டீச்சரம்மா, புருஷன் கூட ஆஸ்பத்திரியில கேன்டீன் நடத்தினவங்க, கைதிங்களுக்கு சாப்பாடு, மருந்து, காசு கடத்திக் குடுத்தாங்கன்னு புடிச்சு கிட்டத்தட்ட 200 நாள் வெச்சிருந்து கரண்ட் ஷாக் குடுத்திருக்கான்.

நாமளும் கரையில நின்ன ஊருதானேடா. 1914 செப்டம்பர்ல எம்டன் கப்பல் வந்து நம்ம ஹார்பர் எண்ணெய் டேங்கை எரிச்சுட்டுப் போனான், இன்னிக்கும் கெட்டிக்காரனைப் பார்த்தா "அவன் பெரிய எம்டன்பா"ன்னுதான் சொல்றோம். அன்னிக்கு ராத்திரி ஹார்பர்ல செத்தவன் பேர் ஒண்ணாவது உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியாது, ஹைகோர்ட் சுவர்ல இருக்குற கல்லைத் தாண்டி ஆயிரம் தடவை போயிருக்கேன்.

டேய், இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். அந்த கேன்டீன் அம்மாவைப் பத்தி படிச்சதுல இருந்து எனக்கு என்சிசி கேம்ப்தான் ஞாபகம் வருது. செங்கல்பட்டு பக்கம், ரெண்டாம் வருஷம். சீனியர் வந்து, "ராத்திரி அந்த கம்பெனி டென்ட்ல இருந்து கொடியைத் தூக்கணும், எவன்டா வாலன்டியர்"னு கேட்டதும், நீ பாட்டுக்கு ஒரு அடி முன்னாடி வெச்சுட்டு என் சட்டையையும் புடிச்சு இழுத்துட்ட. மூஞ்சியில பூட் பாலிஷ் பூசிக்கிட்டு, முள்ளுக்காட்டுல தவழ்ந்து போய், நிஜமாவே தூக்கிட்டு வந்துட்டோம். நாமதான் கிரிகரி பெக்கும் டேவிட் நிவெனும். கொடியை எங்க ஒளிக்கிறதுன்னு தெரியாம மெஸ் டென்ட் அரிசி மூட்டைக்குள்ள சொருகினோம். சொருகினது நான்.

அந்த மெஸ்ல எடுபிடி வேலை பார்த்த பையன், பதினாலு வயசு இருக்குமா? காலையில பக்கெட்ல டீ தூக்கிட்டு வருவான், ஆடையை மட்டும் தனியா ஒதுக்கி உன் டம்ளர்ல போடுவான், நீ கேட்டியேன்னு. ஹவில்தார் மூட்டையை கொட்டிக் கொடியை எடுத்ததும் அவனைத்தான் அறைஞ்சாரு. அவன் அழக்கூட இல்ல, கன்னத்துல கை வெச்சுட்டு தரையில சிந்தின அரிசியை ஒரு கையால அள்ளி மூட்டையில போட ஆரம்பிச்சான். மத்தியானம் பஸ்ஸுல அனுப்பிட்டாங்க. நாம ஃபால்-இன்ல அட்டென்ஷன்ல நின்னோம். நான் உனக்கு நேர் பின்னாடி வரிசை, உன் வலது காதுக்குப் பின்னாடி பூட் பாலிஷ் கறுப்பு போகாம அப்படியே இருந்துச்சு, எவனாவது பார்த்தா மாட்டிக்குவோமேன்னுதான் எனக்கு அப்போ கவலை. அதை பத்தி நாம ரெண்டு பேரும் இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல, ரீயூனியன்ல கூட கொடி தூக்கின கதையை நீ அவ்வளவு ரசிச்சு சொன்ன, நானும் கை தட்டினேன், அரிசி மூட்டை வரைக்கும் போகாமலே முடிச்சுட்ட.

உன்னைக் குத்தம் சொல்லலடா. வாய் தொறக்காம நின்னது நானுந்தான்.

சரி விடு. நீ ஜனவரியில வர்றது கன்ஃபர்மா? வரும்போது கோடாலித் தைலம் பெரிய பாட்டிலா ஆறு வாங்கிட்டு வா, பன்னெண்டு சொல்லச் சொல்லி உள்ள இருந்து சத்தம் வருது. மினர்வா பக்கம் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வருவோம், என் கால் அதுக்குள்ள சரியாயிடும். டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு, ஏர்போர்ட்டுக்கு என் மாப்பிள்ளையை காரோட அனுப்பறேன்.

அந்தப் பையன் பேர் உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வருது, வரமாட்டேங்குது. ஞாபகம் வந்தா உடனே வாட்ஸ்அப் பண்ணு, நடுராத்திரியா இருந்தாலும் பரவாயில்ல, நான் எப்படியும் முழிச்சுட்டுத்தான் கெடப்பேன்.

உன்
சோடாபுட்டி