14,000 எப்படி 24,000 ஆனது? குறைதீர் அலுவலருக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
குழுக் கடன் உறுப்பினர் (தையல் தொழில்)

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
நுண்கடன் நிறுவனத் தலைமை அலுவலகம்

பொருள்: கடன் விண்ணப்பத்தில் என் குடும்ப வருமானத்தைக் கூட்டி எழுதியதும், தவணை தவறியபோது குழுவையே உட்கார வைத்ததும் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

கடந்த மார்ச்சில் உங்களிடம் 60,000 ரூபாய் கடன் வாங்கினேன். ஓவர்லாக் மெஷின் வாங்குவதற்காக. மெஷின் வாங்கிவிட்டேன், நன்றாக ஓடுகிறது. மாதம் 3,172 ரூபாய் வீதம் 24 தவணை. ஐந்து தவணை தேதி மாறாமல் கட்டினேன். செப்டம்பர் தவணை மட்டும் எட்டு நாள் தள்ளிப்போனது. அந்த எட்டு நாளில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், விண்ணப்பம் எழுதிய அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

உங்கள் கலெக்‌ஷன் தம்பி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டேப்லெட்டில் விவரம் ஏற்றினார். வீட்டு வருமானம் கேட்டார். என் தையல், வீட்டுக்காரர் பெயின்ட் வேலை எல்லாம் சேர்த்து 14,000 என்றேன். வேறு கடன் உண்டா என்றார். இரண்டு இருக்கிறது, மாதம் 5,300 போகிறது என்றேன், ஒளிக்கவில்லை. திரையில் ஏதோ சிவப்பாக வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது அக்கா, கொஞ்சம் ஏத்திப் போடறேன்" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். எவ்வளவு ஏற்றினார் என்பது, போன மாதம் கிளையில் நகல் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: 24,000.

ஏன் 24,000 என்பது முதலில் புரியவில்லை. குழுவில் ஒருவரின் மகள் ரிசர்வ் வங்கியின் விதியைப் படித்துச் சொன்னாள். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதியாம். ஒரு குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 14,000-க்குப் பாதி 7,000. ஏற்கெனவே 5,300 போவதால் மிச்சம் 1,700-க்குத்தான் இடம். உங்கள் தவணையைச் சேர்த்தால் 8,472 ஆகிவிடுகிறது. 24,000 என்று எழுதினால் பாதி 12,000, சிவப்பு மறைந்துவிடும். ஏற்றியதும் அளவோடுதான் ஏற்றியிருக்கிறார். 24,000 என்றால் வருடத்துக்கு 2,88,000; நுண்கடன் வாங்கும் குடும்பத்துக்கான வருட வருமான வரம்பான 3 லட்சத்துக்குள் கச்சிதமாக நிற்கிறது. இது கைதவறி விழுந்த எண் இல்லை.

உண்மை வருமானத்தை வைத்துப் பார்த்திருந்தால் எனக்கு 32,000 சொச்சம்தான் கிடைத்திருக்கும். மெஷினுக்கு அது போதும். மீதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கொஞ்சம் நூலும் லைனிங் துணியும் வாங்கினேன். மிச்சம் பழைய கடன் இரண்டுக்கும் தவணை கட்டவே போய்விட்டது. உங்கள் கடனை வாங்கி அடுத்தவர் கடனைக் கட்டினேன்.

செப்டம்பரில் தைத்துக் கொடுத்த இடத்தில் பணம் வரவில்லை. 12-ஆம் தேதி, குழுவாகத் தவணை கட்டும் சென்டர் மீட்டிங்குக்கு முதல் ஆளாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். பாக்கி வராமல் யாரும் எழுந்து போகக் கூடாது என்றார் தம்பி. பதினாலு பேர், காலை 10 மணி முதல் 12.30 வரை. வீட்டு வேலைக்குப் போகிறவர் ஒருத்தர் அன்றைய அரைநாள் கூலியை இழந்தார். கடைசியில் பாயில் ஆளுக்கு நூறும் இருநூறுமாகப் போட்டார்கள். எண்ணிப் பார்த்தால் 1,900. "முழுசாத்தான் வாங்குவேன்" என்று தம்பி அதையும் வாங்கவில்லை. யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். என் கண்ணைப் பார்த்து வாங்கிக்கொண்டவர்கள் இரண்டு பேர்தான்.

அன்று இரவு 7.40-க்கு அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கடன் வாங்கியவர் அடுத்தடுத்து இரண்டு முறையாவது குறித்த இடத்துக்கு வராமல் இருந்தால்தான் வசூலுக்கு வீடு தேடி வரலாம். மாலை 6 மணிக்கு மேல் போன் கூடப் பண்ணக் கூடாது. இதுவும் அதே விதியில்தான் இருக்கிறது. நான் மீட்டிங்குக்கு வராதவள் இல்லை. 20-ஆம் தேதி முழுத் தவணையும் கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. கைக்கு வந்தது 56,742. செயலாக்கக் கட்டணம் 708, கடன் காப்பீடு 1,450 என்று கடன் அட்டையில் இருக்கிறது. மீதி 1,100 எதற்கு என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் தரும் 'ஹாஸ்பி கேஷ்' பாலிசி என்றார்கள். நான் கேட்கவும் இல்லை, அட்டையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சம்மதம் இல்லாமல் இப்படி எதையும் தலையில் கட்டக் கூடாது. அந்தப் பணம் எனக்குத் திரும்ப வர வேண்டும்.

என் வருமானம் 14,000 என்று உங்கள் பதிவில் திருத்துங்கள். எல்லோருடைய கடன் கணக்கையும் பதிந்து வைக்கும் கிரெடிட் பீரோவுக்கு அனுப்பிய விவரத்தையும் சேர்த்து. மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. மாதத் தவணையை என் வருமானத்தில் அடங்கும்படி குறைத்து, மாதங்களைக் கூட்டித் தாருங்கள். வட்டி கூடும், தெரிந்தேதான் கேட்கிறேன். ஒருவர் தவணைக்காக மற்றவர்களை உட்கார வைக்கக் கூடாது என்று கிளைக்கு எழுத்தில் உத்தரவு போடுங்கள். அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுத்துவிட்டு விஷயத்தை முடிக்க வேண்டாம். டார்கெட் அவர் தலையிலும் இருக்கிறது. இத்தனை கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவருக்குச் சொன்னது யாரோ, அங்கே விசாரியுங்கள்.

விண்ணப்ப நகல், கடன் அட்டை, ரசீது மூன்றின் நகலும் இணைத்திருக்கிறேன். அட்டையில் உள்ள புகார் எண்ணுக்கு நாலு முறை கூப்பிட்டும் பாட்டுதான் கேட்டது, அதனால்தான் பதிவுத் தபால். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன். அதற்கு ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த தவணை 12-ஆம் தேதி. பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு யாராவது பாக்கி வைத்தாலும், கட்டி முடித்தவர்களை நேரத்துக்கு வேலைக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)