கிணற்றுக்குள் தொங்கப்போகும் பெட்டி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய குழுச் செயற்றிட்ட வரைபைப் படித்தேன். கிணற்று நீர்மட்டத்தை அளந்து தொலைபேசிக்கு அனுப்புவது நல்ல யோசனை. ஆனால் பன்னிரண்டு பக்கத்தில் ஒன்பது பக்கம் திரையில் வரைபடம் எப்படித் தெரியும் என்பதைப் பற்றியது. பற்றரிக்கு ஒரு வரிதான். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். திரையை உங்களில் யாரும் இரண்டு நாளில் எழுதிவிடுவீர்கள்.

முதலில் மின்சாரம். நீங்கள் வாங்கியிருக்கும் ஈஎஸ்பி32 என்ற, வை-பை உள்ள சிறு கணினிப் பலகையில் சில்லைத் தூங்க வைத்தால் அது தனியாக 10 மைக்ரோ அம்பியர் அளவுதான் எடுக்கும். ஆனால் அதே பலகையில் யுஎஸ்பி சில்லும் சிவப்பு விளக்கும் மின்னழுத்தச் சீராக்கியும் தூங்குவதில்லை. எல்லாம் சேர்ந்து 10 மில்லி அம்பியர் இழுத்தால் 2500 மில்லி அம்பியர்-மணி பற்றரி பத்து நாளில் முடிந்துவிடும். அவை இல்லாத வெறும் மொடியூலை எடுத்து, அரை மணிக்கொரு தடவை 8 செக்கன் மட்டும் விழிக்க வையுங்கள். விழித்திருக்கையில் சராசரி 120 மில்லி அம்பியர் என்று வைத்தால் நாள் முழுவதற்குமான சராசரி 0.55 மில்லி அம்பியர் அளவில் நிற்கும். பற்றரியில் எண்பது வீதத்தைத்தான் நம்பலாம் என்று கணக்குப் போட்டாலும் ஐந்து மாதம் வரை ஓடும்.

ஏஎம்எஸ்1117 சீராக்கியைப் போடாதே. அதற்கு உள்ளே வரும் அழுத்தம் வெளியே போவதைவிட 1 வோல்ற்றுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். பலகைக்கு வேண்டிய 3.3 வோல்ற்றை எடுக்க 3.7 வோல்ற்றுப் பற்றரியில் அது கிடைக்காது. ஏபி2112 போன்ற ஒன்று 600 மில்லி அம்பியர் வரை தரும், இழப்பும் குறைவு. வை-பை அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் சட்டென்று எகிறும். அப்போது அழுத்தம் விழுந்து பலகை தானாகவே மீளத் தொடங்கும். மேசையில் யுஎஸ்பி வயரோடு ஒழுங்காக ஓடியது கிணற்றடியில் விட்டு விட்டு ஓடினால், நிரலைக் குடையாமல் முதலில் இதைப் பாருங்கள். மொடியூலின் மின் கால்களுக்குப் பக்கத்திலேயே மின்னைச் சற்றுத் தேக்கி வைக்கும் 470 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைப் பற்றவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பற்றரி அழுத்தத்தை 34ஆம் காலில் வாசியுங்கள். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதிகளில் ஏடிசி2 என்பதன் கால்கள் வை-பை ஓடும்போது வேலை செய்யாது. அதைக் கவனிக்காமல் விட்டால் "பற்றரி 0" என்று வரும், நல்ல பற்றரியைக் கழற்றி எறிவீர்கள்.

அடுத்தது உணரி. ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தால் தூரம் அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04 வகுப்பறைக்குச் சரி. கிணற்று ஈரத்தில் அதன் திறந்த இரண்டு கண்களிலும் நீர் படியும். ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற நீர்புகா வகை வாங்குங்கள். முகத்துக்குக் கிட்ட 25 சென்ரிமீற்றர் வரை அதற்குத் தெரியாது. கிணற்றில் அது குறையில்லை. 4 மீற்றருக்கு மேல் போனால் அதன் எண்ணை நம்ப முடியாது, ஆகவே கோடையில் வற்றி ஆழம் போகும் கிணற்றுக்கு நீரின் அழுத்தத்தை அளக்கும் உணரிதான் சரி. எதிரொலிக் கால் 5 வோல்ற்றில் வரும், ஈஎஸ்பி32 தாங்குவது 3.3 தான். நடுவில் 1 கிலோ ஓமும் 2 கிலோ ஓமுமாக இரண்டு தடையிகள் போதும். உணரிக்காக அழுத்தத்தை 5க்கு உயர்த்தும் சுற்றையும் தூங்கும்போது துண்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

ஒலி கூம்பாக விரிந்து போகும். மோட்டர்க் குழாயோ சுவர்ப் படியோ குறுக்கே இருந்தால் தண்ணீருக்கு முன் அது பதில் சொல்லும். மோட்டர் ஓடியும் எண் அசையாமல் 142 சென்ரிமீற்றரிலேயே நின்றால் நீங்கள் அளப்பது குழாயை. உணரியைச் சுவரோரத்தில் பூட்டாமல் குறுக்குக் கம்பியில் நடுக்கிணற்றுக்கு மேல் நேர் கீழாகத் தொங்க விடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஏழு வாசிப்பு எடுத்து, வரிசைப்படுத்தி நடு எண்ணை வையுங்கள். சராசரி எடுத்தால் பொய் எதிரொலி ஒன்றே முழுவதையும் இழுத்துவிடும்.

ஒலி வேகத்தைச் செக்கனுக்கு 343 மீற்றர் என்று எழுதி வைத்திருக்கிறாய். அது 20 பாகை செல்சியசுக்கு. 32 பாகையில் ஏறக்குறைய 351. மூன்று மீற்றரில் 7 சென்ரிமீற்றர் வரை பிழைக்கும். அது அன்றைக்கு இறைத்த நீரின் அளவாகவே இருக்கலாம். டிஎஸ்18பி20 வெப்ப உணரி ஒன்றைக் கிணற்றுக்குள் இறக்குங்கள், பெட்டிக்குள் வேண்டாம். வெயிலில் பெட்டி கொதிக்கும், கிணற்றுக் காற்று குளிர்ந்திருக்கும்.

தமிழில் குறுஞ்செய்தி அனுப்பப் போகிறோம் என்கிறாய், மகிழ்ச்சி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறிகள்தான். "கிணற்றில்" என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது குறி. 70ஐத் தாண்டினால் இரண்டு செய்திக்கான காசு போகும். "நீர் 3.2 மீ" போதும். இறைப்பவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

எளிமையே போதும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சகானா மென்பொருள் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. முகாமில் யார் இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை என்ற எளிய தேவையிலிருந்து அது பிறந்தது. உங்கள் கணினிக் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவைச் சேர்க்கச் சொல்லி யாராவது வருவார்கள். இரண்டு கிழமைத் தரவு இல்லாமல் எதை வைத்து எதிர்வுகூறுவது?

ஆகவே இறுதிக் காட்சிக்கு ஒரு மாதம் முன்பே ஒரு பெட்டியை இங்கே அனுப்பு. வயர்கள் பெட்டியின் அடிப்பக்கத்தால் வரட்டும், மேல் பக்கத்தால் வந்தால் மழைநீர் வயரோடு வழிந்து உள்ளே போகும். நான் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அளவுநாடாவில் கல் கட்டி இறக்கி, கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை கொப்பியில் எழுதி வைக்கிறேன். உங்கள் எண்ணைப் பார்க்காமல்தான் எழுதுவேன்.

அன்புடன்
அம்மா